ஜூனில் பிறந்த பேக்கரிக்கு மார்ச்சில் காய்ச்சல்: 2020 நெருக்கடிக் கடன் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவுக்கு முன்

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் வீதியில் ஒரு சிறிய கடைவீதி. அங்கே உள்ள பேக்கரி ஒன்று 2020 மார்ச் முதல் 2022 செப்டம்பர் வரை எப்படித் தாக்குப்பிடித்தது, அரசாங்கம் அறிவித்த உதவிகளில் எது அதன் கைக்கு வந்தது, எப்போது வந்தது என்பதைத் தேதிவாரியாக எழுதி வைக்கிறேன். நான் ஓய்வுபெற்ற வணிகக் கல்வி ஆசிரியன். கடைவீதியில் ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பேக்கரிக்காரரும் அவருடைய மனைவியும் இதைப் படித்துச் சம்மதம் தெரிவித்திருக்கிறார்கள். பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டும் விபரங்களையும் விட்டுவிட்டேன்.

இதில் நான் பார்வையாளனாக மட்டும் இருக்கவில்லை. சில முடிவுகள் என் யோசனையில் எடுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று பிழையாகிப் போனது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

பேக்கரியை ஆரம்பித்தவர் இப்போதைய உரிமையாளரின் தந்தை. தோட்டத்தில் பெயர் வெட்டிக்கொண்டு, அதாவது வேலையிலிருந்து விலகி, கையில் கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் பாண் சுடும் போறணை கட்டினார். விறகுப் போறணை. கவ்வாத்து மிலாறை (வெட்டிய தேயிலைக் கிளைகளை) போட்டு மூட்டி, சவுக்கு விறகால் எரியவிட்டு, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டுப் பாண் அடுக்க வேண்டும். தந்தை 2016இல் இறந்தபின் மகன் எடுத்து நடத்தினார். பாண் போடும் பாஸ்மார் இருவர், உதவியாளர்கள் இருவர். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அக்காவின் மகன் முச்சக்கரவண்டியில் பாண் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவான். கடன் கொப்பி மனைவியின் பொறுப்பு.

இந்த வீதியில் வியாபாரம் செய்பவர்களுக்கு வருடம் இரண்டாகப் பிரிந்திருக்கும். டிசம்பரில் உந்துவப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலைப் பருவகாலம் தொடங்கி, மே மாதம் வெசாக்கோடு முடியும். அந்த ஐந்து மாதமும் இரவு முழுவதும் பஸ்களும் வான்களும் போய்க்கொண்டிருக்கும். படிக்கட்டு நெடுகிலும் தேநீர்க் கடைகள். சாதாரண நாளில் மூன்று மூட்டை மா குழைக்கும் பேக்கரி, பருவகாலத்தில் ஆறு மூட்டை குழைக்கும். வருட இலாபத்தில் பாதிக்கு மேல் அந்த மாதங்களில்தான்.

பாண் போவது கடனுக்கு. தேநீர்க் கடைக்காரர்கள் பருவகாலம் முடியும்போது மொத்தமாகத் தீர்ப்பார்கள். தோட்டத்து ஆட்கள் பத்தாம் தேதி சம்பளத்தில் கொடுப்பார்கள். மா வாங்குவதும் அப்படியே. ஹட்டனில் உள்ள மொத்த வியாபாரி 30 நாள் தவணை கொடுப்பார். கையில் பெரிய பணம் இல்லாமலே இத்தனை வருடம் ஓடியதற்கு இந்தச் சங்கிலிதான் காரணம்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளோடு அந்த வருடப் பருவகாலம் அரைகுறையாக நின்றது. அதில் மாக் குழைக்கும் இயந்திரத்துக்கு எடுத்த வங்கிக் கடனில் இரண்டு தவணை பிந்தியது. பிறகு கட்டிவிட்டார்கள். ஆனால் பிந்திய செய்தி, யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிந்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின் ஏட்டில் ஏறிவிட்டது. எல்லோரும் ‘கிரிப்’ என்று சொல்வது அதைத்தான்.

2020 மார்ச் 20

அன்று மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. மறுநாள் காலை மனைவி கொப்பிகளையெல்லாம் எடுத்துக் கூட்டிய கணக்கு இப்படி இருந்தது. தேநீர்க் கடைகளிடமிருந்து வரவேண்டியது 340,000 ரூபா. தோட்டங்களிலிருந்தும் அக்கம் பக்கத்திலிருந்தும் 185,000. மா வியாபாரிக்குக் கொடுக்கவேண்டியது 260,000. இயந்திரக் கடனில் மீதி 410,000, மாதத் தவணை 19,500. முச்சக்கரவண்டி லீசிங்கில் இன்னும் 23 தவணை, ஒவ்வொன்றும் 18,600. கையிருப்பு 31,000 ரூபாவும் நான்கு மூட்டை மாவும்.

தேநீர்க் கடைக்காரர்களில் பலர் வெளி மாவட்டத்தவர்கள். ஊரடங்கு தளர்ந்த முதல் இடைவெளியில் தகரத்தைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களும் முழுப் பருவகாலத்துக்கும் இடத்து வாடகையை முன்கூட்டியே கட்டியவர்கள்.

பேக்கரி திறக்கலாம், வீடு வீடாகப் பாண் கொண்டுபோகலாம் என்று பிறகு அனுமதி வந்தது. ஆனால் வண்டிக்கு ஊரடங்கு அனுமதிப்பத்திரம் கிடைக்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் போறணை அணைந்து கிடந்தது. மழை நாட்கள் வேறு. அணைந்த போறணையைத் திரும்ப மூட்டுவதென்றால் சிறிய நெருப்பில் நாலு நாளாவது வாட்டி, செங்கல் உறிஞ்சிய ஈரத்தை வெளியேற்ற வேண்டும். பெரிய பாஸ் அதைச் சொன்னார். காசு வேண்டுமே என்ற அவசரத்தில் இரண்டே நாளில் முழுச் சூடு ஏற்றினார்கள். மூன்றாம் நாள் தளத்தில் குறுக்காக ஒரு வெடிப்பு. அதற்குப் பிறகு இடது பக்கத்து அச்சுகளில் பாணின் அடி கருகும், வலது பக்கத்தில் வெளுத்து நிற்கும். கருகியதைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. மா வியாபாரி இனிமேல் காசுக்கு மட்டும்தான் மா என்று சொல்லிவிட்டார். அவருக்கும் கொழும்பில் காசுக்குத்தான் கொடுத்தார்கள். சங்கிலி ஒரு முனையில் அறுந்தால் மறு முனைவரை அறுந்து போகிறது. இந்தக் கட்டத்தில் பேக்கரிக்குத் தேவைப்பட்டது முதலீடு அல்ல. முப்பது நாள் தவணைக்குப் பதிலாக நிற்கக்கூடிய ஒரு தொகை, அவ்வளவுதான்.

அறிவிக்கப்பட்ட உதவிகள்

மார்ச் கடைசி வாரத்தில் இலங்கை மத்திய வங்கி இரண்டு விடயங்களை அறிவித்தது. ஒன்று, பாதிக்கப்பட்ட தொழில்களின் கடன்களுக்கும் முச்சக்கரவண்டி போன்றவற்றின் லீசிங்குக்கும் ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு. மற்றது, 4 சதவீத வட்டியில் தொழிற்படு மூலதனக் கடன், அதாவது அன்றாட வியாபாரச் செலவுக்கான கடன். முதலில் 50 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. பிறகு ‘சௌபாக்கியா கொவிட்-19 மறுமலர்ச்சி வசதி’ என்ற பெயரில் 150 பில்லியன்வரை விரிக்கப்பட்டது. ஆறு மாதச் சலுகைக் காலம் உட்பட 24 மாதத்தில் திருப்பிச் செலுத்தலாம்.

ஒத்திவைப்புக்கு உத்தியோகபூர்வத் தமிழில் வைத்த பெயர் ‘படுகடன் சட்ட இசைவுத் தாமதம்’. முப்பது வருடம் வணிகக் கல்வி கற்பித்த எனக்கே இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. கடைவீதியில் அது ‘ஆறு மாத லீவு’ ஆனது. லீவு என்றால் சம்பளத்தோடு லீவு என்றுதான் பேக்கரிக்காரர் விளங்கிக்கொண்டார். அதாவது ஆறு தவணையும் தள்ளுபடி. அவர் மட்டுமல்ல, நான் கேட்டவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஏப்ரலிலும் மேயிலும் 5,000 ரூபா கொடுத்தார்கள். கடை வைத்திருக்கிறார் என்று பேக்கரிக்காரரின் பெயர் பட்டியலில் சேரவில்லை. அவரிடம் வேலை செய்த இரு பாஸ்மாரில் ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. இருவரும் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் இருப்பவர்கள்.

முதல் முடிவு: ஒத்திவைப்பு

ஏப்ரல் முதல் வாரம் பேக்கரியின் மா மேசையில் உட்கார்ந்து, கிழித்த மா மூட்டைக் காகிதத்தின் உட்பக்கத்தில் கணக்குப் போட்டோம். லீசிங்கின் வட்டி வருடத்துக்கு 24 சதவீதம். 23 தவணைக்கு அன்றைய பெறுமதி 340,000 ரூபா சுமார். ஆறு மாதம் கட்டாமல் விட்டு, வட்டி முதலோடு சேர்ந்தால் 383,000 ஆகும். அதே 18,600ஆகக் கட்டினால் 23 தவணை 27 ஆக நீளும். ஆறு மாத ஓய்வின் விலை ஏறக்குறைய 71,000 ரூபா.

“அப்படியென்றால் இது உதவி இல்லையா, சேர்?” என்று கேட்டார் மனைவி.

உதவிதான், ஆனால் விலையுள்ள உதவி என்றேன். கையில் 31,000 ரூபா வைத்துக்கொண்டிருப்பவருக்கு 38,100 ரூபா மாதத் தவணையை ஆறு மாதம் தள்ளிப்போடுவது மூச்சு விடுகிற இடம். இரண்டையும் ஒத்திவைக்கும்படி நான் சொன்னேன். இயந்திரக் கடனைப் பொறுத்தவரை அது சரியான யோசனை; வட்டி குறைவு, இயந்திரமும் பாதி நாள் சும்மா நின்றது. லீசிங்கைப் பொறுத்தவரை பிழையான யோசனை. ஏன் என்பது கீழே வரும்.

இரண்டாம் முடிவு: நான்கு சதவீதக் கடன்

இயந்திரக் கடன் எடுத்த வங்கிக்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தோம். மா, விறகு, சம்பளம் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 800,000 ரூபா என்று கணக்கிட்டு, ஏப்ரல் 22ஆம் தேதி விண்ணப்பம் கொடுத்தோம். கொடுத்த படிவத்தில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன. நிரப்பியது நான், ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினேன்.

எட்டு நாளில் திரும்பி வந்தது. கடன் உத்தியோகத்தர் மரியாதையானவர், வேண்டுமென்று அலைக்கழித்தவர் அல்ல. அவர் காட்டியபோதுதான் எங்களுக்கே விளங்கியது: காகிதத்தில் இந்தப் பேக்கரி மூன்று துண்டாக இருந்தது. வியாபாரப் பெயர்ப் பதிவு இறந்துபோன தந்தையின் பெயரில். பிரதேச சபையின் வருடாந்த வியாபார உரிமம் மகனின் பெயரில். பணம் போய் வந்த வங்கிக் கணக்கு மகனின் சொந்தச் சேமிப்புக் கணக்கு. அதிலும் வருமானத்தில் கால்வாசிதான் போயிருந்தது, மற்றதெல்லாம் மேசை லாச்சிக்குள். வேலையாட்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்படவில்லை, ஆகவே காகிதத்தில் வேலையாட்களே இல்லை. கடை நிற்கும் காணி குத்தகை, ஈடு வைக்க முடியாது. குடும்பம் இருப்பது தோட்டத்து வீட்டில். அதற்குக் காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், கிடையாது. தோட்டக் காணியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களின் நிலைமை இதுதான் என்பதை இங்குள்ள வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வங்கியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தத் திட்டத்தில் மத்திய வங்கி குறைந்த வட்டிக்குப் பணத்தைக் கொடுத்தது. வங்கி அதை 4 சதவீதத்துக்குக் கொடுக்க வேண்டும். கடன் வாங்கியவர் கட்டாமல் விட்டால் நட்டம் வங்கியின் தலையில். பணம் ஒருவருடையது, பயம் இன்னொருவருடையது. பயப்படுகிறவர் ஈடு கேட்பார், காகிதம் கேட்பார். அவசரகால உதவி என்று அறிவிக்கப்பட்டது, சாதாரண காலத்துக் கதவு வழியாகத்தான் வர வேண்டியிருந்தது.

மே: வட்டிக்காசு

மே 4ஆம் தேதி, என்னிடம் சொல்லாமல், பேக்கரிக்காரர் நூற்றுக்கு ஐந்து மாத வட்டிக்கு 100,000 ரூபா வாங்கினார். முதல் மாத வட்டியைக் கழித்துக் கொடுத்தது 95,000. காரணம் கேட்டபோது அவர் சொன்ன பதிலை மறக்க முடியாது: “அவரிடம் போனேன் சேர், எண்ணிக் கொடுத்தார். ஒரு கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை.”

அந்தப் பணத்தில் மா வாங்கினார்கள். போறணை தொடர்ந்து எரிந்தது. அந்த வட்டிக்காரர் இல்லையென்றால் மே மாதத்தில் பேக்கரி மூடியிருக்கும் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் முடிவு: பதிவை யார் பெயரில் மாற்றுவது

தந்தையின் பெயரில் இருந்த பதிவை மகனுக்கு மாற்றுவதற்கு மரணச் சான்றிதழும், சகோதரர்களின் சம்மதமும் கேட்டார்கள். அக்கா குவைத்தில்; விமான நிலையம் பூட்டு. கையெழுத்திட்டுப் படம் பிடித்து அனுப்பிய கடிதம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பிரதேச செயலகமோ குறைந்த ஆட்களோடு இயங்கியது. மே 26ஆம் தேதி மலையகத் தலைவரும் அமைச்சருமான ஆறுமுகன் தொண்டமான் காலமானார். 31ஆம் தேதி நோர்வூட் மைதானத்தில் இறுதிக் கிரியை முடியும்வரை நுவரெலியா மாவட்டத்தில் மீண்டும் ஊரடங்கு. எங்களுக்குக் கொடுத்திருந்த நாளும் அதோடு போனது.

அப்போது ஒரு யோசனை எழுந்தது. பழைய பதிவை விட்டுவிட்டு, மனைவியின் பெயரில் புதிதாகப் பதிந்தால் என்ன? அவருக்கு கிரிப்பில் கறை இல்லை. அடகு வைத்த நகையை ஒவ்வொரு வருடமும் தவணை தப்பாமல் திருப்பியவர். கடன் கொப்பியும் அவர் கையில், ஆகவே கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடியவரும் அவர்தான். கணவருக்கு முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. அப்பா வைத்த பெயர் என்று இரண்டு நாள் இழுத்தார். பிறகு சரி என்றார். ஜூன் 18ஆம் தேதி புதிய பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். உத்தியோகத்தர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜூன் மாதம் தொடங்கிய வியாபாரம் மார்ச் மாதத்தில் எப்படிப் பாதிக்கப்பட்டது என்று மேலிடத்தில் கேட்பார்களே என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டு, “ஜூனில் பிறந்த பிள்ளைக்கு மார்ச்சில் காய்ச்சல் வந்தது என்று நான் எப்படி எழுதுவது, சேர்?” என்றார்.

நாங்கள் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. புதிய பதிவு ஒரு ஓட்டையை அடைத்து இன்னொன்றைத் திறந்துவிடும் என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டியவன் நான்.

மா வியாபாரியின் பேரேடு

தொடர்ந்து நடந்த வியாபாரம்தான் இது என்று நிரூபிக்க வேண்டும். பேக்கரியில் இருந்தது கடன் கொப்பி மட்டும். அதில் பாதிப்பேருக்குப் பெயரே இல்லை. ‘மேல் டிவிசன் சிவப்புச் சட்டை’, ‘கங்காணி வீட்டு மருமகள்’ என்று எழுதியிருக்கும். மனைவிக்கு விளங்கும், வங்கிக்கு விளங்காது.

வழி காட்டியது உண்மையில் முச்சக்கரவண்டி ஓட்டும் மருமகன், அந்த அக்காவின் மகன்தான். ஹட்டன் வியாபாரி ஒவ்வொரு மூட்டைக்கும் பேரேடு வைத்திருக்கிறாரே, அதில் நாம் வாங்கிய கணக்கு இருக்குமே என்றான். போய்க் கேட்டோம். 2017 ஜனவரி முதல் 2020 மார்ச்வரை மாதவாரியாக எத்தனை மூட்டை எடுத்தோம், எவ்வளவு கட்டினோம் என்று அவருடைய கணக்கப்பிள்ளை மூன்று நாள் உட்கார்ந்து பிரதி எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. நாங்கள் 260,000 ரூபா கடனாளிகள். கடன் கிடைத்தால் அவருக்குத்தான் முதலில் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் அந்த உதவியின் அருமை குறைந்துவிடாது.

அந்தத் தாள்களில் பருவகாலம் அப்படியே தெரிந்தது. டிசம்பரில் மூட்டை எண்ணிக்கை ஏறும், மே மாதத்தில் இறங்கும், 2019 ஏப்ரலில் திடீரென்று விழும், 2020 மார்ச்சில் அறுந்து நிற்கும். அதனோடு நான்கு வருட வியாபார உரிமங்களையும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பேக்கரியைப் பரிசோதித்துக் கொடுத்த பத்திரங்களையும், திருமணச் சான்றிதழையும் சேர்த்து ஜூலை 13ஆம் தேதி மூன்றாம் முறையாகக் கொடுத்தோம்.

இதற்கிடையில் ஜூன் நடுப்பகுதியில் மத்திய வங்கி இன்னொரு படி இறங்கிவந்தது: இந்தத் திட்டத்தில் கொடுக்கும் கடனின் ஒரு பகுதிக்குத் தானே உத்தரவாதம் தருவதாக அறிவித்தது. எங்கள் விண்ணப்பம் நகர்ந்ததற்கு முத்திரை குத்திய பேரேட்டுப் பிரதி காரணமா, இந்த உத்தரவாதம் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உத்தியோகத்தரின் பேச்சில் மாற்றம் தெரிந்தது ஜூலைக்குப் பிறகுதான்.

ஆகஸ்ட் 27ஆம் தேதி அனுமதி. கேட்டது 800,000, கிடைத்தது 300,000. இரண்டு அரசாங்க ஊழியர்கள் பிணை. ஒருவர் மனைவியின் உறவினர். மற்றவர் என்னிடம் படித்து இப்போது ஆசிரியராக இருப்பவர். பழைய மாணவனிடம் பிணைக் கையெழுத்துக் கேட்டது எனக்கு இலகுவாக இருக்கவில்லை. அவன் மறுக்க மாட்டான் என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

செப்டம்பர் 9ஆம் தேதி பணம் கணக்குக்கு வந்தது. விண்ணப்பித்து நாலரை மாதம்.

பணம் போன வழி

வட்டிக்காரருக்கு 100,000. மா வியாபாரிக்கு 140,000. போறணைத் தளத்தைப் பெயர்த்துப் புதுச் செங்கல் பதிக்க 38,000. மிச்சம் 22,000 சம்பளப் பாக்கிக்கு. தொழிற்படு மூலதனம் என்ற பெயரில் வந்த பணத்தில் ஒரு மூட்டை மாகூடப் புதிதாக வாங்கப்படவில்லை. முழுவதும் காத்திருந்த காலத்தின் கடனை அடைக்கவே போனது. வங்கிக்குக் கொடுத்த திட்டத்தில் இப்படி எழுதவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மா வியாபாரிக்கு 140,000 கொடுத்த அன்று மாலையே அவர் பழையபடி தவணைக்கு மா ஏற்றினார். எனக்கு அதுதான் அந்தக் கடன் செய்த வேலை.

இரண்டு வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வட்டிக்காரருக்கு 100,000 ரூபாவுக்கு மே முதல் செப்டம்பர்வரை ஐந்து தடவை கட்டியது 25,000. வங்கிக்கு 300,000 ரூபாவுக்கு இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டவேண்டிய வட்டி 15,500. அதாவது, மலிவுக் கடனுக்காகக் காத்திருந்த செலவு, அந்தக் கடனின் மொத்த வட்டியை விட அதிகம். வெடித்த போறணையில் கருகிய பாணை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒத்திவைப்பில் செய்த பிழை

மலையில் ஆள் இல்லாதபோதும் தோட்டங்கள் நிற்கவில்லை. ஊரடங்கிலும் கொழுந்து பறிக்க அனுமதி இருந்தது. அன்றைய அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 700 ரூபாதான் என்றாலும் பத்தாம் தேதி சம்பளம் வந்தது. ஆனால் பஸ் இல்லாததால் ஆட்கள் கடைவீதிக்கு வர முடியவில்லை. மருமகன் ஏப்ரல் நடுவில் முச்சக்கரவண்டியில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கட்டி, ஒலிபெருக்கி பொருத்தி, நான்கு தோட்ட டிவிசன்களுக்கும், வீதி வீதியாகப் பாண் விற்கும் சூன் பாண் வண்டி போலப் போகத் தொடங்கினான். காலை ஐந்தரைக்கு முதல் சுற்று, ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்கு முன். மாலை கொழுந்து எடை போட்ட பிறகு இரண்டாவது. பாண், பணிஸ், சீனி, பருப்பு, சில நாளில் தலைவலி மாத்திரைகூட.

ஜூன் மாதத்துக்குள் அந்த வண்டி தன் தவணையைத் தானே கட்டும் அளவுக்கு உழைத்தது. ஆனால் தவணை ஒத்திவைக்கப்பட்டிருந்தது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது, உழைத்த காசு வீட்டுச் செலவில் கரைந்தது. ஒத்திவைப்பை இடையில் விட்டுவிடலாமா என்று நான் யோசித்திருக்க வேண்டும். கடன் விண்ணப்பத்திலேயே கவனமாக இருந்தேன். அக்டோபரில் நிறுவனம் அனுப்பிய புதிய அட்டவணையில் 27 தவணை இருந்தது; காகிதத்தில் நாங்கள் போட்ட கணக்கு அப்படியே. 2022 பெப்ரவரியில் முடிய வேண்டிய லீசிங் அந்த வருட டிசம்பர்வரை போனது.

இரண்டாம் அலை வந்தபோது 2020 அக்டோபர் முதல் இன்னொரு ஆறு மாத ஒத்திவைப்பு அறிவிக்கப்பட்டது. இந்த முறை கணக்கை மனைவியே போட்டார். வேண்டாம் என்று முடிவெடுத்ததும் அவரே. கட்ட முடியாத ஒரு மாதம் வந்தபோது மூக்குத்தியைத் தவிர மற்ற நகை முழுவதும் அடகுக்குப் போனது.

பின்னர் நடந்தவை

2020 டிசம்பரில் பருவகாலம் தொடங்கியது, கட்டுப்பாடுகளோடு. வந்த கூட்டம் மிகக் குறைவு. ஆறு மூட்டை குழைத்த காலம் திரும்பவில்லை; மூன்றோடு நின்றது. தேநீர்க் கடைகளிலிருந்து வரவேண்டிய 340,000இல் 130,000தான் கிடைத்தது. அதில் 12,000 ரூபாவை ஒரு கடைக்காரர் அந்த டிசம்பரில் யாரும் கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை கடை போட வரவில்லை, கடனைக் கொடுக்கவே வந்தேன் என்றார். தோட்டத்துக் கொப்பியில் இருந்த 185,000இல் நட்டம் 20,000க்குள்.

2021 ஏப்ரலில் நான்கு சதவீதக் கடனின் முதல் தவணை. அதற்குச் சற்று முன்புதான் தோட்டச் சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்திருந்தது. கொப்பியில் கடன் குறையும் என்று எதிர்பார்த்தோம். குறையவில்லை, சுற்றியிருந்த டிவிசன்களில் வேலை நாட்கள் குறைந்தன, கொப்பியில் பக்கங்கள் கூடின.

2022 வந்தது. மாவின் விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. மின்வெட்டு நீண்ட நாட்களில் இயந்திரம் நிற்க, பாஸ்மார் பழையபடி கையால் குழைத்தார்கள். எரிவாயு இல்லாமல் நகரத்துப் பேக்கரிகள் பூட்டியபோது இந்த விறகுப் போறணை எரிந்தது. அந்த இரண்டு மாதம் மட்டும் பாணுக்கு வரிசை நின்றது. ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. இயந்திரக் கடனின் வட்டி அதோடு ஏறியது. 2020இல் எடுத்த கடன் மட்டும் அதே 4 சதவீதத்தில் நின்றது. அலைந்து வாங்கியதன் பலனை நாங்கள் உண்மையில் உணர்ந்தது அந்த மாதங்களில்தான்.

2022 செப்டம்பரில் கடைசித் தவணை கட்டப்பட்டது. ஒரு தவணையும் பிந்தவில்லை. பிணை நின்ற இருவருக்கும் ஒரு கடிதம்கூடப் போகவில்லை. பேக்கரி நடக்கிறது, ஆனால் முன்பிருந்த பேக்கரி அல்ல: உதவியாளர்கள் இருவரும் போய்விட்டார்கள், ஒருவர் கொழும்பில் ஒரு கடையில், மற்றவர் திரும்பவும் தோட்டத்தில், அன்றன்று காசு வாங்கும் கைக்காசு வேலைக்கு. சின்ன பாஸ் கட்டார் போயிருக்கிறார்.

இப்போது என்றால் என்ன மாற்றுவேன்

வியாபாரப் பெயரை 2016இலேயே, மரணச் சான்றிதழ் எடுத்த அதே வாரத்தில் மாற்றியிருக்க வேண்டும். அன்று அக்கா ஊரில் இருந்தார். ஒரு காலைப்பொழுது வேலை. அதைச் செய்யாததன் விலை இரண்டு மாதம். கடைவீதியில் நான் கணக்கு எழுதும் மற்றக் கடைகளில் இதைத்தான் முதலில் பார்த்தேன். மூன்றில் இன்னும் இறந்தவரின் பெயர் இருந்தது.

புதிய பதிவு எடுப்பதானால், பழைய வியாபாரத்தின் தொடர்ச்சி என்பதற்கான ஆதாரத்தையும் அதே நாளில் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போவேன். மா வியாபாரியின் பேரேட்டை ஏப்ரலிலேயே கேட்டிருந்தால் ஒரு சுற்று மிச்சமாகியிருக்கும். விற்ற கணக்கு நம்மிடம் இல்லாவிட்டாலும் வாங்கிய கணக்கு எங்கோ ஒருவரிடம் இருக்கிறது.

ஒத்திவைப்பைக் கடனுக்குக் கடன் பிரித்துப் பார்ப்பேன். உழைக்கிற வண்டிக்கு ஒத்திவைப்பு வேண்டாம் என்பேன். போறணை விடயத்தில் பெரிய பாஸ் சொன்ன நாலு நாளை நாலு நாளாகவே வைத்துக்கொள்ளும்படி சொல்வேன்.

திட்டம் வகுப்பவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட பேக்கரிக்கு ஏப்ரலில் கிடைக்கும் 100,000 ரூபா, செப்டம்பரில் கிடைக்கும் 300,000ஐ விடப் பெரியது. சிறிய தொகைக்கு உத்தரவாதத்தை ஜூனில் சேர்ப்பதற்குப் பதிலாக மார்ச்சிலேயே சேர்த்திருந்தால், காணி உறுதி இல்லாதவர்களின் ஈட்டுப் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்திருக்கும். படிவம் தமிழிலும் இருந்திருந்தால் விண்ணப்பிக்காமலே விட்ட இன்னும் நாலு கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

ஊழியர் சேமலாப நிதி விடயத்தில் இன்னும் முடிவு இல்லை. பெரிய பாஸுக்குக் கட்டத் தொடங்குவதாகப் பேக்கரிக்காரர் மூன்று தடவை சொல்லிவிட்டார். நான்காவது தடவை நான் கேட்டபோது, மனைவிதான் லாச்சியிலிருந்து படிவத்தை எடுத்து வெளியே வைத்தார். அது இப்போது என் மேசையில் இருக்கிறது.